ஏழு பேருக்கு ஒரே முகவரி

செய்தி எங்கள் பல்கலைக்கழக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே, வியாழக்கிழமை தண்ணீர் வராது என்றொரு அறிவித்தல். கீழே யாருடைய பிறந்தநாளுக்கோ ஒரு கேக் படம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பூவைப் போட்டு, "பண்டகசாலை உத்தியோகத்தர் திருமதி கமலாதேவி இன்று காலை பதுளை வைத்தியசாலையில் காலமானார்" என்று எழுதியிருந்தார்கள். அவர் பெயர் கமலாதேவி அல்ல, மாரிமுத்து கமலவேணி. அவர் திருமதி அல்ல, மணம் முடிக்கவில்லை. பண்டகசாலை அவருடைய இடமும் அல்ல, அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரே வரியில் மூன்று பிழை. தம் மேசைக்கு வந்த ஒருவருடைய பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியவருக்கு நாங்கள் கொடுத்த வழியனுப்பல் இது.

நான் அப்போது பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது போகவில்லை. மறைந்தவரைப் பற்றி எழுதும்போது கோபம் அழகல்ல என்பார்கள். எனக்கு இப்போது அழகு தேவைப்படவில்லை.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்று உண்டு. இங்கிருந்து மாணவர்கள் ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம். விரிவுரையாளர்கள் சில மாதங்கள் போய்க் கற்பிக்கலாம். அங்கிருந்தும் இங்கே வருவார்கள். பயணச் செலவை அவர்களே தருவதால் அதற்குப் போட்டி பலமாக இருக்கும். அந்தத் திட்டத்தின் காகிதங்கள் முழுவதும் ஒரே ஒருவருடைய மேசை வழியாகத்தான் போய்வந்தன. அந்த மேசையில் இருந்த எழுதுவினைஞர்தான் கமலவேணி அவர்கள். எங்களுக்கு வேணி மிஸ். அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் பேராசிரியர்களின் பெயர்கள் இருந்தன. வேலை அவரிடம் இருந்தது.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது சண்டைக்குப் போனபோது. அப்போது நான் மண்ணியல் துறையில் தற்காலிக விரிவுரையாளன். அப்புத்தளைக்கு அப்பால் நெட்டைமரத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் அம்மாவோடு இருந்தேன். பரிமாற்றத்துக்கு விண்ணப்பித்து, தெரிவாகியும் இருந்தேன். ஆனால் அழைப்புக் கடிதத்தின் மூலப்பிரதி எனக்கு வந்து சேரவில்லை. அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய கடைசி நாள் தாண்டி நான்கு கிழமை கழித்து, கங்காணி ஒருவர் அதைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். அதற்குள் என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இது விளங்காது. லயத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது, தபால்காரர் படியேறி வருவதும் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் வைத்து அவற்றைக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் கொடுப்பார்கள் என்றில்லை. அந்த மாதம் கொழுந்து நிறுப்பதில் களவு நடக்கிறது என்று பெரட்டிலேயே அம்மா வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.

அந்தக் கடிதத்தோடு நேராக வேணி மிஸ்ஸின் மேசைக்குப் போனேன். பல்கலைக்கழகம்தான் தாமதித்து அனுப்பியிருக்கும் என்று நினைத்து அவரிடம் குரலை உயர்த்தினேன். அவர் உறையை வாங்கி, அதிலிருந்த முத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"கத்தாதீங்க. இது அப்புத்தளைக்கு நேரத்துக்குத்தான் வந்திருக்கு. அப்புறம் எங்க கிடந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். ஆபீஸ் மேசையில இடது கைப்பக்கம் மூணாவது லாச்சி."

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"உங்க தோட்டத்துல பாக்கல. எங்க தோட்டத்துல பாத்திருக்கேன். எங்கப்பா ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தாரு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரு மேசைக்குப் பக்கத்துலதான் உக்காந்து படிப்பேன். பென்சில் தேடி அந்த லாச்சியைத் தொறந்தேன். உள்ள எல்லாம் கடிதம். ஒரு கடிதத்துல எங்கூடப் படிச்ச புள்ளையோட பேரு இருந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். தொரை சொல்ற வரைக்கும் குடுக்க முடியாது, நீ பேசாம படின்னாரு. நானும் பேசாம படிச்சேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தமோ நாடகமோ இருக்கவில்லை. வேறு யாருடைய கோப்பையோ வாசிப்பது போலச் சொன்னார். பிறகு மேசையிலிருந்து ஒரு புதிய படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அடுத்த வருசத்துக்கு இப்பவே எழுதுங்க. அட்ரஸ்ஸ நான் சொல்றேன்."

அவர் சொன்ன முகவரி அவருடைய சொந்த வீட்டு முகவரி. பதுளை நகரில் கடைவீதியை ஒட்டிய ஒழுங்கையில், நஸீர் நானாவின் துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார். நானாவிடம் அனுமதி கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். "தோட்டத்துப் புள்ளைங்களுக்கு நம்ம வீட்டுக்குக் கடிதம் வரும் நானா. நான் இல்லாத நேரம் வாங்கி வைப்பீங்களா?" என்று கேட்டார். நானா சேலை மடிப்பதை நிறுத்தவே இல்லை. "வாங்கி வைக்கிறதுக்கு எனக்கென்ன பாரம் மிஸ்? கடிதம் சோறா கேக்கப் போவுது?" என்றார். அன்றே பெரிய பிஸ்கட் டின் ஒன்றைப் படிக்கட்டின் கீழே கம்பியால் கட்டி வைத்தார். அதுதான் எங்கள் தபால் பெட்டி.

இந்தக் காலத்தில் மின்னஞ்சல் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அழைப்பின் மூலப்பிரதி, காப்புறுதிப் பத்திரம், விசா ஒட்டிய கடவுச்சீட்டு எல்லாம் காகிதமாகத்தான் வரும். பல்கலைக்கழக முகவரியைக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்பார்கள். வேணி மிஸ் அதையும் முறைப்படி எழுதிக் கேட்டிருந்தார். "பல்கலைக்கழகம் தபால் கந்தோர் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை மேசைக் கண்ணாடியின் கீழே எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், சிரித்தவருடைய காகித வேலையை அன்றைக்கு அவர் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார்.

மறுவருடம் நான் போனேன். நான் தங்கியிருந்த ஊரில் நடை போகும் வழியில் ஓர் ஆட்டுக் கொட்டில் இருந்தது. அதன் கதவில் இலக்கம் அடித்த தகடு ஒன்று தொங்கியது. அங்கிருந்து இரண்டு கடிதங்களை ஒரே நாளில் அனுப்பிப் பார்த்தேன். ஒன்று அம்மாவுக்குத் தோட்ட முகவரியில், மற்றது வேணி மிஸ்ஸுக்கு. அவருடையது இரண்டு கிழமையில் கிடைத்தது. அம்மாவுக்கு எழுதியது, நான் ஆறு மாதம் முடிந்து வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த சொக்கலேட்டும் தீர்ந்து போன பிறகு வந்தது. நான் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பிறகு ஆறு பேர் அந்த முகவரியால் போய்வந்தார்கள். எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள், மாணவர்கள். ஒருவர் இப்போது மொனராகலையில் கரும்புத் தோட்டங்களோடு வேலை செய்கிறார். இன்னொருவர் பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். வேணி மிஸ்ஸை அன்னை என்றும் தெய்வம் என்றும் இவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். படிவத்தில் வெள்ளை மை பூசித் திருத்தினால் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுவார். ஒரு மாணவி அழுதே விட்டார். "அழுது முடிச்சிட்டு புதுசா எழுதுங்க. இதுலயும் கண்ணீர் பட்டு மை கலைஞ்சா இன்னொன்னு எழுத வைப்பேன்" என்றார் வேணி மிஸ். அழுகை நிற்கும்வரை பக்கத்தில் இருந்து, அவருக்காகத் தம் தேநீரையும் ஆறவிட்டார். முத்து முத்தான எழுத்தில் படிவம் வந்ததும் முத்திரை குத்தினார்.

மேலிடத்தில் இருந்தவர்களுக்கு அவரை வெறுப்பதற்கு முதல் காரணம் கிடைத்தது ஒரு சுற்றுலாவில். பரிமாற்றத்தில் வரும் வெளிநாட்டு விரிவுரையாளர்களை ஆண்டுக்கொரு முறை தோட்டம் காட்டக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். அவர்கள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதி பக்கத்தில் நின்று சிரிப்பார். அந்த ஆண்டு நெட்டைமரத் தோட்டத்தைத் தெரிவு செய்தார்கள், காரணம் காட்சி நன்றாகத் தெரியும் என்பது. படம் எடுக்க நிறுத்திய பெண்களில் என் அம்மாவும் ஒருவர். நான் பஸ்ஸின் நிழலில் நின்றேன். முன்னால் போய் "இது என் அம்மா" என்று சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர், நல்ல மனுசி, படத்தை அம்மாவுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லி முகவரி கேட்டார். அம்மா தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சொன்னார். கூட வந்திருந்த வேணி மிஸ் மொழிபெயர்த்தார். வீட்டு இலக்கம் என்ன என்று அந்தப் பேராசிரியை பேனையோடு காத்திருந்தார்.

"நம்பரா? லயத்துக்கு நம்பர் இருக்குங்க. எங்களுக்கு இல்ல," என்றார் அம்மா.

அதையும் வேணி மிஸ் அப்படியே மொழிபெயர்த்தார். பீடாதிபதி இடையில் புகுந்து படத்தைத் தமக்கு அனுப்பினால் சேர்ப்பித்துவிடுவதாகச் சொன்னார். "நீங்க சேர்ப்பிக்க மாட்டீங்க சேர். போன வருசத்துப் படமெல்லாம் இன்னும் உங்க அலுமாரியிலதான் இருக்கு," என்றார் வேணி மிஸ். ஆங்கிலத்திலேயே சொன்னார்.

அது நடந்து சில மாதங்களில் வேறொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும்போது உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஏழு பேருக்கு ஒரே முகவரி இருப்பதைக் கண்டோம், அது மாணவர் விடுதியா, அறியத் தரவும் என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். குற்றம் சாட்டவில்லை. ஒரு கேள்விதான். அதற்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். எங்கள் நாட்டில் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்குத் தனி முகவரி இல்லை, அவர்களுடைய கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை, ஆகவே எங்கள் அலுவலர் ஒருவர் தம் முகவரியைக் கொடுத்திருக்கிறார். இவ்வளவுதான் உண்மை.

அந்த உண்மையை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. வெளிநாட்டுக்காரன் முன்னால் நாட்டின் மானம் போய்விடுமாம். கடிதத்தை லாச்சியில் பூட்டி வைக்கும்போது போகாத மானம், பூட்டி வைக்கிறார்கள் என்று எழுதினால் போய்விடுமாம். எனவே நாட்டைக் காப்பாற்ற ஓர் எழுதுவினைஞரைக் கொடுத்தார்கள். "பொய்யான வதிவிட முகவரி வழங்கத் துணை போனமை" என்று குற்றப்பத்திரம் எழுதி, மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தார்கள்.

இனி எழுத வேண்டியதை ஏழு வருடமாக நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். ஏழு பேரில் பல்கலைக்கழகத்தில் வேலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்து, தகுதிகாண் காலத்தின் கடைசி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உறுதிப்படுத்தும் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய பீடாதிபதிதான் அந்தக் குழுவின் நடுக் கதிரையில் இருந்தார். வேணி மிஸ் சுவரோரம் தம் குடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

விண்ணப்பத்தை என் முன்னால் வைத்து, "இந்த முகவரியில் நீங்கள் வசித்தீர்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன்.

"எப்போதாவது ஒரு நாளாவது?"

"இல்லை."

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

சொல்ல எனக்கு எல்லாம் இருந்தது. பெரட்டு இருந்தது, லாச்சி இருந்தது, நான்கு கிழமை பிந்தி வந்த உறை என் பையிலேயே இருந்தது. காட்டலாம் என்றுதான் காலையில் எடுத்து வைத்தேன். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் "இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்று சொல்லும்தான் தீர்ப்புக்குப் போதுமானதாக இருந்தது.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். வேணி மிஸ் சிறிது நேரத்தில் வந்தார். கடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. நீங்க அங்க இருக்கலையே," என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா? கென்டீன் மூடப் போறாங்க, போங்க," என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஓர் இடம் இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுதிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை. அதற்காக அவர் மேலும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

தண்டனையாக அவரைப் பரிமாற்ற அலுவலகத்திலிருந்து எடுத்துப் பண்டகசாலையில் போட்டார்கள். உடைந்த கதிரைகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் உள்ள நிலத்தடி அறை. அதோடு இன்னொன்றையும் பறித்தார்கள். அந்த ஆண்டு அலுவலர்களுக்கும் பரிமாற்றத்தில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு கிழமை போய் அங்குள்ள அலுவலகங்களைப் பார்த்துவரலாம். அவ்வளவு பேரை அனுப்பியவர் என்பதால் வெளிநாட்டுக்காரர்களே பெயர் சொல்லிக் கேட்டது வேணி மிஸ்ஸைத்தான். அவர் கடவுச்சீட்டு எடுத்திருந்தார், பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும் வாங்கியிருந்தார். விசாரணையைக் காரணம் காட்டி அவர் பெயரை வெட்டினார்கள். அவருக்குப் பதிலாக யார் போனார் என்று நான் எழுதப் போவதில்லை. போனவர் முகநூலில் போட்ட படங்களை எல்லோரும் பார்த்து விருப்பமும் தெரிவித்தோம்.

அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேணி மிஸ் பண்டகசாலையில் வேலை செய்தார். நான் ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பாக்குறீங்க? இதுக்கு வேற எங்க குளிர் இருக்கு?" என்றார். எனக்கு உறுதிப்படுத்தும் கடிதம் கிடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவர் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். பிஸ்கட் டின் படிக்கட்டின் கீழேயே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பண்டகசாலைக்கு இறங்கிப் போய் முகவரியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது விண்ணப்பத்தில் எழுதுவதில்லை, விசாவுக்குக் கொடுக்கும் தபால் முகவரியாக மட்டும் எழுதச் சொன்னார். விசாரணையிலிருந்து அவர் கற்ற ஒரே பாடம் அதுதான். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது பதுளை வைத்தியசாலையில். நோய் முற்றி, கை குச்சியாகியிருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக, இன்று சொல்லியே தீர்வது என்று முடிவு கட்டித்தான் போனேன். "மிஸ், அன்னைக்கு விசாரணையில நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. எனக்கு மூச்சு கொஞ்சம்தான் இருக்கு, வேலைய பேசுவோம்," என்றார். "பிரியதர்ஷினின்னு ஒரு புள்ள. மூணாம் வருசம். உங்க தோட்டத்துக்கு மேல இருக்கிற தோட்டம். விசா ஆயிருச்சு. பாஸ்போட் நம்ம வீட்டுக்குத்தான் வரணும். வந்ததும் தோட்டத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லணும், லயத்துல சிக்னல் எடுக்காது. நானாகிட்டயும் சொல்லியிருக்கேன். நீங்களும் ஞாபகம் வச்சுக்கோங்க." சரி என்றேன். ஒன்பது நாளில் அவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வாகனம் வந்தது. ஒழுங்கை முழுக்கத் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடி. மயானத்தில் பீடாதிபதி இரங்கல் உரை ஆற்றினார். "தோட்டப்புற மாணவர்களுக்குத் தம் வீட்டையே திறந்து வைத்தவர்" என்றார். குற்றப்பத்திரத்தில் இருந்த அதே விசயம். அன்றைக்கு அதற்குப் பெயர் ஒழுங்கீனம், இன்றைக்கு அதற்குப் பெயர் சேவை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் வரவில்லை. தலையைக் குனிந்து நின்றோம், பார்ப்பவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நண்பகல். மேல்மாடியைக் காலி செய்ய உதவி கேட்டிருந்தார் நஸீர் நானா. நான் போனபோது ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு கூரியர்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கையில் தடித்த உறையோடு வந்தார். உறையில் பிரியதர்ஷினியின் பெயரும், அதன் கீழே கமலவேணி அவர்களின் பெயரும், அந்த முகவரியும் இருந்தன.

"கமலவேணிங்கிறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தவறிட்டாங்க" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தார். "பாஸ்போட் சேர். கண்டவங்ககிட்ட குடுக்க ஏலாது. இந்த அட்ரஸ்ல இருக்கிறவங்கதான் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போடணும். இல்லாட்டி இன்னைக்கே கொழும்புக்குத் திருப்பிவிடுவாங்க."

"வீட்டுக்காரர் பள்ளிக்குப் போயிருக்காரு. அரை மணித்தியாலத்துல வந்துருவாரு."

"நிக்க நேரமில்ல சேர். பண்டாரவளைக்குப் போகணும்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இந்த வீட்டுலயா இருக்கீங்க?"

அந்தப் பிள்ளையின் விமானம் அடுத்த புதன்கிழமை. கொழும்புக்குத் திரும்பிப் போனால், அங்கிருந்து மறுபடி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். இடது கைப்பக்கம், மூன்றாவது லாச்சி.

"ஆமா. இங்கதான் இருக்கேன்," என்றேன்.

அடையாள அட்டையைக் காட்டினேன். இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டார். கையெழுத்திட்டேன். அன்று பின்னேரமே பஸ் ஏறிப் போய்த் தோட்டத்துக் கடை வாசலில் அதைப் பிரியதர்ஷினியிடம் ஒப்படைத்தேன். அவர் உறையைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸுக்கு யாருங்க சேர் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, கேட்டது நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்கலைக்கழக நினைவு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் அனுப்பப் போகிறேன். போடமாட்டார்கள், அதனால் வேறு இடத்துக்கும் அனுப்புகிறேன். விசாரணைக் குழுவில் இருந்தவர்கள் வாசிப்பார்கள். அவர்களுக்குச் சொல்வது இது. அந்த முகவரியில் நான் ஒரு நாளும் வசித்ததில்லை. கூரியர்காரரிடம் நான் சொன்னது பொய். இனிமேலும் அங்கே கடிதம் வரும், நானாவிடம் பேசி மேல்மாடியை என் பெயருக்கு மாற்றியிருக்கிறேன், பிஸ்கட் டின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விசாரணை வைக்க விரும்புகிறவர்கள் வைக்கலாம். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று இந்தமுறை கேட்டால், எனக்குச் சொல்ல இருக்கிறது. பழைய உறை இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

வேணி மிஸ், அன்றைக்குச் சரியாகச் சொன்னேன் என்றீர்கள். இன்றைக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். பாஸ்போட் கிடைத்துவிட்டது. நீங்கள் போகலாம்.